விளையாட்டு வினையானபோது

விஞ்ஞானக் கதை என்றால் நம்மில் பலருக்கு ஓர் இளப்பம் இருக்கிறது. ராக்கெட், கதிர்த் துப்பாக்கி, பச்சை நிற மனிதன், இவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். பையன்கள் பரீட்சை முடிந்த பிறகு படிக்கிற சமாசாரம். பெரியவர்கள் வேண்டுமானால் ரயில் பிரயாணத்தில் படிக்கலாம். இந்த இளப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வகையில் எழுதப்படுவதில் பெரும்பகுதி, பாத்திரங்களுக்குப் பதில் யந்திரங்களை நடமாடவிட்டு ஒப்பேற்றுகிற சரக்குதான். ஆனால் எந்த வகையில்தான் அப்படி இல்லை? நம் குடும்ப நாவல்களில் பாத்திரங்களுக்குப் பதில் கண்ணீர் நடமாடவில்லையா?

ஆர்ஸன் ஸ்காட் கார்ட் என்ற அமெரிக்கர் எழுதிய 'எண்டர்ஸ் கேம்' நாவலைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக எனக்கு எண்ணம். 1977-ல் 'அனலாக்' பத்திரிகையில் சிறுகதையாக வந்து, 1985-ல் நாவலாக விரிந்த கதை இது. விஞ்ஞானக் கதைக்காரர்களின் இரண்டு பெரிய பரிசுகளான நெபுலாவும் ஹியூகோவும் இதற்குக் கிடைத்தன. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் இதை உயிராக நேசித்துப் படிக்கிறார்கள். அதே புத்தகத்தை அமெரிக்க மரீன் படை, தன் வீரர்கள் படிக்கவேண்டிய நூல்களின் ஜாபிதாவில் சேர்த்தது. பள்ளிப் பிள்ளையும் படை அதிகாரியும் ஒரே புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள் என்றால், அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதானே!

கதையின் எலும்புக்கூடு இது. வரப்போகும் ஒரு காலம். எறும்பினத்தைப் போல ஒரு ராணியின் மனசுக்குக் கட்டுப்பட்டு வாழும் அயல் கிரக ஜீவிகள் இரண்டு தடவை மனிதர்களோடு மோதித் தோற்றுப் போயிருக்கிறார்கள். மறுபடியும் வருவார்கள் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த யுத்தத்துக்கு ஒரு சேனாபதி வேண்டும். அவனைக் குழந்தைகளிலிருந்து பொறுக்கி எடுத்து வளர்க்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழந்தைகள் என்று சட்டம் உள்ள அந்த உலகத்தில் ஆண்ட்ரூ விக்கின் மூன்றாவதாக, சர்க்காரின் விசேஷ அனுமதியோடு பிறந்தவன். மூத்தவன் பீட்டர் மகா புத்திசாலி, கொடூரன். அடுத்தவள் வாலண்டைன் அதே அளவு புத்திசாலி, மனசு இளகியவள். இருவரும் காரியத்துக்கு ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று சொல்லிவைத்து வாங்கிய பிள்ளை இவன். எண்டர் என்பது வீட்டில் வந்த செல்லப்பெயர். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு 'முடிக்கிறவன்' என்று அர்த்தம்.

ஆறு வயசில் பள்ளிக்கூடத்தில் ஸ்டில்ஸன் என்ற முரடன் இவனிடம் வம்புக்கு வருகிறான். எண்டர் அவனைக் கீழே தள்ளிவிடுகிறான். அதோடு விடவில்லை. விழுந்து கிடப்பவனை உதைக்கிறான், மறுபடியும் உதைக்கிறான். ஏன் என்று பிறகு கேட்டபோது, இந்தச் சண்டையை மட்டும் ஜயித்தால் போதாது, இனிமேல் வரப்போகிற சண்டைகளையும் இப்போதே ஜயித்துவிட வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்கிறான். கேட்டவர் கர்னல் கிராஃப். அவருக்கு இந்தப் பதிலே போதும். பிள்ளையைப் பூமியிலிருந்து கூட்டிக்கொண்டு, ஆகாசத்தில் சுற்றும் யுத்தப் பள்ளிக்குப் போகிறார்.

இந்த நாவலில் நான் மிகவும் ரசித்த இடம் அந்தப் பிரயாணம்தான். யுத்தக் காட்சிகளை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு இந்தச் சின்னக் காட்சி அதைவிடப் பெரியது. கப்பலில் இருபது பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கிராஃப் அத்தனை பேர் காதிலும் விழும்படி எண்டரைப் புகழ்கிறார். இவன் ஒருவன்தான் மூளை உள்ளவன், மற்றவர்கள் மக்குகள் என்கிற பாணியில் புகழ்கிறார். அவ்வளவுதான். அந்த நிமிஷமே பையனுக்கு அங்கே ஒரு சிநேகிதனும் இல்லாமல் போய்விடுகிறான். பின்னால் இருந்தவன் தலையில் அடிக்க ஆரம்பிக்கிறான். பொறுத்துப் பார்த்துவிட்டு எண்டர் அவன் கையைப் பிடித்து இழுக்க, எடையில்லாத அந்த வெளியில் அவன் பறந்துபோய் மோதிக் கை ஒடிந்துபோகிறது. கிராஃப் எதிர்பார்த்தது இதைத்தான். அடித்துத் தனிமைப்படுத்துகிற வாத்தியாரை நாம் பார்த்திருக்கிறோம். புகழ்ந்து தனிமைப்படுத்துகிற வாத்தியாரையும் பார்த்திருக்கிறோம், ஆனால் அவர் செய்தது இன்னதென்று நமக்குத் தெரிந்ததில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியாரின் செல்லப்பிள்ளை என்ற பெயரால் நாலு வருஷம் ஒருவரோடும் விளையாடாமல் கழித்த எந்தப் பையனும் இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடிவைப்பான். பள்ளிப் பிள்ளைகள் இந்த நாவலை ஏன் நேசிக்கிறார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. யுத்தத்துக்காக அவர்கள் படிக்கவில்லை.

பள்ளியில் நடக்கிற விளையாட்டை ஆசிரியர் மிகத் திறமையாகக் கற்பனை செய்திருக்கிறார். பதினாறு வயசிலேயே இந்த விளையாட்டு அறை தமக்குத் தோன்றிவிட்டது என்று 1991-ல் எழுதிய முன்னுரையில் சொல்கிறார். பெரிய ஓர் அறை. எடை என்பதே கிடையாது. மேலும் இல்லை, கீழும் இல்லை. பையன்கள் இரண்டு படைகளாகப் பிரிந்து, சுட்டால் உறையவைக்கும் ஒளித் துப்பாக்கிகளோடு மிதக்கிறார்கள். மற்றப் பையன்கள் உள்ளே வந்த தாழ்வாரத்தின் மேல் கீழையே மனசில் சுமந்துகொண்டு தடுமாறும்போது, எண்டர் ஒன்று செய்கிறான். எதிரியின் வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கீழ் என்று தனக்குள் தீர்மானித்துக்கொள்கிறான். உடனே எல்லாம் சுலபமாகிவிடுகிறது. கால்களை முன்னால் நீட்டி அந்தத் திசையில் விழுகிறான். எதிரிக்கு உள்ளங்கால் மட்டுமே தெரிகிறது. பௌதிகத்தை இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்ட எனக்கே இது சட்டென்று புரிந்தது. புரிந்ததோடு, ஏதோ நானே கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் வேறு. வாசகனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுப்பது லேசான காரியமில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் பொறியும் இருக்கிறது. நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு சின்னச் சம்பாஷணை வருகிறது. பேசுகிறவர் யார் என்று எழுதியிருப்பதில்லை. கிராஃபும் அவர் சகாக்களும் என்று நாமே தெரிந்துகொள்ள வேண்டும். பையனை இன்னும் எவ்வளவு வாட்டலாம், தாங்குவானா, முறிந்துபோவானா, சிநேகிதன் ஒருத்தன் சேர்ந்துவிட்டானே, அதைப் பிரிக்க வேண்டாமா என்று பேசிக்கொள்கிறார்கள். எந்தக் கஷ்டத்திலும் ஒரு பெரியவர் வந்து தன்னைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை அவனுக்கு வரவே கூடாது என்பது கிராஃபின் சித்தாந்தம். குளியலறையில் போன்ஸோ மாட்ரிட் என்ற பையன் எண்டரைக் கொன்றுவிடுகிற ஆத்திரத்தோடு வருகிறபோதுகூட ஆசிரியர்கள் குறுக்கே வருவதில்லை.

நான் கதை எழுதுகிறவன். பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்றை வாசகனுக்குச் சொல்லிவைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சாதாரணமாக வாசகனுக்குப் பாத்திரத்தின் மேல் பரிவு கூடும். ஐயோ, இவனுக்குத் தெரியவில்லையே என்று துடிப்பான். இங்கே கார்ட் அதைச் செய்துகொண்டே இன்னொன்றும் செய்கிறார். அந்தச் சம்பாஷணைகளைப் படிக்கப் படிக்க நாம் பையனின் பக்கத்திலிருந்து எழுந்துபோய், கண்ணாடிக்குப் பின்னால் கிராஃபின் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். தினம் ஒரு யுத்தம், பிறகு தினம் இரண்டு, கடைசியில் இவன் படை ஒன்றுக்கு எதிரில் இரண்டு படைகள் என்று அநியாயத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது நமக்குக் கோபம் வருவதில்லை. இதை எப்படி ஜயிக்கப்போகிறான் என்ற ருசிதான் வருகிறது. இந்த நாவலைப் படித்த பதினான்கு வயசு உறவுக்காரப் பையன் ஒருவனிடம் கிராஃப் நல்லவரா கெட்டவரா என்று கேட்டேன். "கெட்டவர்தான், ஆனால் அவர் இல்லாவிட்டால் கதையே இல்லையே" என்றான். விமரிசகர்கள் சொல்வதற்குப் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

குழந்தைகளையும் யுத்தத்தையும் சேர்த்து எழுதியவர்களில் வில்லியம் கோல்டிங்கை நம் வாசகர்கள் அறிவார்கள். 1954-ல் வந்த அவருடைய 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலில் தீவில் தனியாக விடப்பட்ட பையன்கள் தாங்களே காட்டுமிராண்டிகள் ஆகிறார்கள். கடைசிப் பக்கத்தில் கடற்படை அதிகாரி ஒருவர் வந்து இறங்கி, இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் இப்படியா என்று வியக்கிறார். கார்டின் உலகத்தில் அந்த அதிகாரி முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறார். பையன்களுக்குள் இருக்கிற காட்டுமிராண்டியைக் கண்டு அவர் வியக்கவில்லை. அதற்கு மார்க்குப் போடுகிறார். படைச் சிப்பாயின் கதையை விஞ்ஞானக் கதையாக்கிய ஹைன்லைனும் (1959), வியட்நாமில் போரிட்டுத் திரும்பி அதற்கு எதிர்வாதம் போல எழுதிய ஜோ ஹால்டமனும் (1974) வளர்ந்த மனிதர்களைத்தான் யுத்தத்துக்கு அனுப்பினார்கள்.

பிள்ளைகளுக்கு வித்தை கற்றுக்கொடுத்துத் தன் சண்டைக்கு அவர்களைப் பயன்படுத்திய வாத்தியார் நமக்குப் புதியவர் இல்லை. துரோணர் அதைத்தான் செய்தார். ராஜகுமாரர்களுக்கு வில் வித்தை கற்பித்து முடித்ததும், துருபதனைக் கட்டிக்கொண்டு வாருங்கள், அதுதான் குருதக்ஷிணை என்றார். கொடுமையான கூலிதான். ஆனால் கேட்டார். யாரைப் பிடிக்கப் போகிறோம் என்று பையன்களுக்குத் தெரியும். கிராஃப் கேட்கவில்லை.

கேட்காமல் அவர் என்ன வாங்கிக்கொண்டார் என்பதுதான் நாவலின் உச்சம். இனிக் கதையின் முடிவைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வரலாம்.

பத்து வயசில் எண்டரை ஈராஸ் என்ற சிறு கிரகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். முந்தைய யுத்தத்தை ஜயித்த மேஸர் ராக்கம் அவனுக்கு ஆசான். திரையின் முன் உட்கார்ந்து, ஆகாயக் கப்பல்களை ஏவி, மேஸர் நடத்தும் எதிரிப் படையோடு விளையாடுவதுதான் பயிற்சி. கூட விளையாடுகிறவர்கள் பழைய பள்ளித் தோழர்கள். குரல் மட்டும் காதில் கேட்கும். நாளுக்கு நாள் ஆட்டம் கடினமாகிறது. பையன் தூக்கத்தில் தன் கையையே கடித்துக்கொள்கிறான். கடைசிப் பரீட்சை. பெரிய அதிகாரிகள் பார்க்க வந்திருக்கிறார்கள். திரையில் ஒரு கிரகம், அதைச் சுற்றி எண்ணிலடங்காத எதிரிக் கப்பல்கள், இவனிடம் சொற்பம். ஜயிக்க வழியில்லை. ஒரே வழி, கப்பல்களை விட்டுவிட்டுக் கிரகத்தையே தகர்த்துவிடுவது. கிரகம் போனால் அதில் உள்ள சகல ஜீவனும் போகும். ஆசிரியர்கள் விதித்த தர்மத்துக்கு இது விரோதம் என்று எண்டர் நினைக்கிறான். நினைத்துத்தான் செய்கிறான். இவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவனைப் படைக்குத் தலைவனாக வைத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இந்தச் சனியன் பிடித்த விளையாட்டு இதோடு தீரட்டும் என்று செய்கிறான்.

கிரகம் வெடிக்கிறது. பின்னால் நின்ற அதிகாரிகள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், பிரார்த்தனை செய்கிறார்கள். பிறகு சொல்கிறார்கள்: அது விளையாட்டு இல்லை. எத்தனையோ வருஷங்களுக்கு முன் புறப்பட்ட நிஜக் கப்பல்கள், நிஜ மனிதர்கள், நிஜக் கிரகம். இவ்வளவு நாளும் இவன் கொடுத்த உத்தரவுகள் அங்கே நடந்தன. எதிரியைப் புரிந்துகொள்ளுமளவுக்கு இரக்கம் உள்ள சேனாபதிதான் எதிரியை ஜயிக்க முடியும். அந்த இரக்கமே, தெரிந்திருந்தால், அவனைக் கொல்லவிடாது. அதனால் சொல்லவில்லை.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் அலுப்பதில்லை. தெரியாமல் செய்தான், ஏமாற்றப்பட்டான் என்பது ஒரு பக்கம். அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்தப் பையன் ஐந்து வருஷத்தில் செய்த ஒரே கலகம் இது. ஆசான்களை எதிர்த்து, அவர்கள் முகத்தில் அறைகிற மாதிரி, தன் இஷ்டத்துக்குச் செய்த ஒரே காரியம். அவர்கள் அவனிடம் எதிர்பார்த்ததும் அதே காரியம்தான். கீழ்ப்படிந்தபோதெல்லாம் பிள்ளை அவர்களுக்கு அரைச் சேனாபதிதான்; மீறியபோதுதான் முழுச் சேனாபதி ஆனான். பிள்ளைகளைக் கசக்கி வளர்க்கிற எந்த ஏற்பாட்டைப் பற்றியும் இதைவிட பயங்கரமாக ஒருவர் எழுதி நான் படித்ததில்லை. எழுதியவருக்கு இந்த பயங்கரம் முழுக்கத் தெரிந்துதான் எழுதினாரா என்று மட்டும் எனக்குச் சந்தேகம்.

ஏனென்றால் உடனே அவர் கதாநாயகனைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார். ஜான் கெஸல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2004-ல் இந்த நாவலைப் பற்றி ஒரு கடுமையான கட்டுரை எழுதினார். ஸ்டில்ஸனில் தொடங்கி அயல் ஜீவிகள் வரை எண்டர் கொன்றுகொண்டே போகிறான். ஆனாலும் அவன் உத்தேசம் நல்லது என்பதால் அவன் நிரபராதி என்று ஆசிரியர் நம்மை நம்பவைக்கிறார் என்பது அவர் வாதம். அதில் எனக்குப் பாதிதான் சம்மதம். கடைசி ஆட்டத்தைப் பொறுத்தவரை, பையன் தப்பு என்று தெரிந்தே ஒன்றைச் செய்கிறான். அவன் கணக்கில் அது விளையாட்டுதான் என்றாலும், அந்த மனசு விளையாட்டு மனசு இல்லை. அந்த ஒரு பக்கத்தில் ஆசிரியர் அவனைக் காப்பாற்றவில்லை. மற்றப் பக்கங்களில் கெஸல் சொல்வது நியாயம்தான். ஸ்டில்ஸனும் போன்ஸோவும் அந்த அடிகளில் செத்தே போனார்கள். அது நமக்குப் பெரியவர்கள் பேச்சிலிருந்து தெரியவருகிறது. எண்டருக்கு யுத்தமெல்லாம் முடிந்து, கிராஃபின் மேல் விசாரணை நடக்கும்போதுதான் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் அடித்தது இவன் கை, கணக்கு வைத்துக்கொண்டது வேறொருவர். நிஜத்தில் இப்படி நடப்பதில்லை. ஸியரா லியோனில் பதின்மூன்று வயசில் படையில் சேர்க்கப்பட்ட இஷ்மாயேல் பியா 2007-ல் தம் கதையை எழுதினார். சுட்டது தன் கை என்று அந்தப் பையனுக்கு ஒவ்வொரு இரவும் தெரிந்திருந்தது. அவனிடமிருந்து மறைப்பதற்கு ஒரு கர்னலும் இல்லை.

பீட்டரும் வாலண்டைனும் பூமியில் உட்கார்ந்துகொண்டு, புனைபெயர்களில் அரசியல் கட்டுரை எழுதியே உலகத்தை ஆட்டிவைக்கிற கிளைக்கதை ஒன்றும் இதில் உண்டு. கம்ப்யூட்டர் வலையில் முகம் தெரியாத இருவர் நாடுகளைக் கலக்கலாம் என்று 1985-லேயே எழுதியதற்காக ஆசிரியரைப் பாராட்டலாம். ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் கட்டுரைக்கு மந்திரிகள் நடுங்குவதை நம்பத்தான் முடியவில்லை. இருபது வருஷமாகக் கட்டுரை எழுதுகிறேன். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்ததில்லை. சினிமாவைப் பற்றியும் (2013) நிறையச் சொல்வதற்கில்லை. ஆறு வயசுக் குழந்தைக்குப் பதில் அதில் அரும்பு மீசைப் பருவத்துப் பையன் வருகிறான். அதோடு கதையின் பாதி கனம் இறங்கிவிடுகிறது.

கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். பள்ளியில் இருந்தபோது எண்டர் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு விளையாட்டு ஆடுவான். ஒரு ராக்ஷசன் இரண்டு கோப்பைகளை நீட்டுவான். எதைக் குடித்தாலும் சாவு. வெறுத்துப்போய் எண்டர் ஒரு நாள் கோப்பைகளைத் தள்ளிவிட்டு அவன் கண்ணையே தோண்டிக் கொன்றுவிடுகிறான். பிறகு வரும்போதெல்லாம் அந்தப் பிரேதம் மெல்ல மெல்ல மண்ணாகி, அதன் மேல் புல் முளைத்துக் குடிசைகள் தோன்றியிருக்கும். யுத்தம் முடிந்து, எதிரிகளின் காலி கிரகம் ஒன்றில் குடியேறப் போகிறபோது, எண்டர் அதே நிலக்காட்சியைக் கண்ணால் பார்க்கிறான். ராக்ஷசனின் எலும்புகள் மேடாகக் கிடக்கின்றன. அவன் கனவுகளைத் தூரத்திலிருந்தே படித்த அந்த ஜீவிகள், தாங்கள் அழியப்போவது தெரிந்து, அவன் ஒருவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி அதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கூட்டுப்புழு. பிறக்காத ஒரு ராணி. மனிதர்களுக்கும் அறிவு உண்டு என்று தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம், புரிந்த பிறகு உங்கள் மேல் படையெடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்பதை அது அவன் மனசுக்குச் சொல்கிறது. அப்படியானால் அந்த யுத்தமே வேண்டியிருக்கவில்லை.

கற்பனை என்ற அளவில் இதற்குத் தலை வணங்க வேண்டும். கொன்றவனின் விளையாட்டுப் பொம்மையைச் செத்தவர்கள் நிஜத்தில் கட்டிவைத்துவிட்டுப் போகிற படிமம் என் மனசை விட்டுப் போக மறுக்கிறது. ஆனால் அதற்கு அடுத்தாற்போல எண்டர் ஒரு புத்தகம் எழுதுகிறான். ராணியின் வாயால், அவள் இனத்தின் கதையை, தன் பெயர் போடாமல் எழுதுகிறான். உலகம் அதை வேதம் போலப் படித்துக் கண்ணீர் விடுகிறது. அதில் பழிச்சொல் இல்லை. கொன்றவன் கையால் எழுதப்பட்ட சாட்சியத்தில் வேறு எப்படி இருக்கும்? இதில் உள்ள சங்கடம் ஆசிரியருக்குப் பட்டதாகவே தெரியவில்லை. 1986-ல் வந்த 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்' நாவலுக்கு முன்னேற்பாடாகத்தான் இந்தக் கதையை நாவலாக விரித்தேன் என்று அவரே அந்த முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இறந்தவர்களுக்காகப் பேசுகிறவனாக எண்டர் அதில் வளர்ந்து நிற்க வேண்டுமே, அதனால் இங்கே அவசரமாகப் பட்டாபிஷேகம் நடந்துவிடுகிறது.

அண்ணன் பீட்டர், கிழவனாகி உலகத்தை ஆண்டு முடித்த பிறகு, தன் கதையையும் அதே மாதிரி எழுதச் சொல்கிறான். எண்டர் அதையும் எழுதுகிறான். பிறகு கூட்டுப்புழுவை எடுத்துக்கொண்டு, அது பிழைக்க ஓர் இடம் தேடி, அக்காவோடு நட்சத்திரம் நட்சத்திரமாகக் கிளம்பிவிடுகிறான். இந்த நாவலில் அவன் எழுதுகிற புத்தகங்கள் அந்த இரண்டுதான். ஸ்டில்ஸனின் வீட்டுக்கும் போன்ஸோவின் வீட்டுக்கும் அவன் ஒரு கடிதம்கூடப் போட்டதாகக் கதையில் இல்லை.